உதாரணத்தில் வரும் பெண்மணி

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். அங்கே நீ, என் மகன், உன் அத்தை மூவரும் சுகந்தானே? என் அறைக்காரரும் நலம். கடைசல் பிரிவில் வேலை செய்கிற மனிதர். எட்டு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் பேச முடியாமல் போவதை அறைக்கு வந்து ஈடுகட்டுகிறார். தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'வானொலி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையை இந்த ஊருக்கு மாற்றி, எங்களையும் சாமான்களோடு சாமானாக ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நம் ஊரில் விட்டுவந்த கிடங்குக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். பண்டகசாலையில் இருபத்தாறு வருஷம் உதவியாளனாக இருந்த எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு, இங்கிலீஷ் பரீட்சை ஒன்றைத் தவிர. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தேறவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அத்தை சொல்லித் தெருவுக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது முறைதான் கடைசி. ஆகஸ்ட் பதினான்கு, காலை பத்து மணி. தேறினால் வீட்டிலிருந்து வேலைக்கு நடந்து போகலாம். தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை, இன்னும் ஆறு வருஷம், வானொலி.

பரீட்சையில் ஒரே மாதிரிக் கேள்விதான் வருகிறது. ஒன்றுபோலத் தோன்றும் சொற்களின் வேறுபாட்டைச் சொல்லி வாக்கியத்தில் அமைக்க வேண்டும். நட்டு, போல்ட்டு, வாஷர் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவேன். ஸீ, லுக், வாட்ச் மூன்றையும் கண்ணைத் திறந்துகொண்டே பிரிக்க முடியவில்லை. என் மகனைக் கேட்டால், "மூணும் ஒண்ணுதாம்ப்பா" என்பான். நீ தட்டச்சு நிலையத்தில் நாள் முழுக்க இங்கிலீஷோடுதான் இருக்கிறாய். உன்னைக் கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. உதாரண வாக்கியத்தைத் தமிழில் எழுதி, அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலீஷில் வை. மீதியை நான் பெயர்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அதுதான் பயிற்சி.

அத்தையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

மாமா

•

பிப்ரவரி 16

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மூவரும் நலம். உங்கள் உடல்நலம் எப்படி? இருமல் நின்றதா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள்.

பார்வையில் மூன்று வகை. கண்ணில் தானாகப் படுவது ஸீ. வேண்டுமென்று கண்ணைத் திருப்புவது லுக்; அதன் பின்னால் 'அட்' என்று ஒரு வால் வரும். நகர்கிற, மாறுகிற ஒன்றின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே இருப்பது வாட்ச். உங்கள் பண்டகசாலையில் ஓர் எலி ஓடுகிறது. கண்ணில் பட்டுவிட்டால் எலியை 'ஸீ' செய்தீர்கள். எங்கே போச்சு என்று அலமாரிக்கு அடியில் குனிந்தால் 'லுக்' செய்கிறீர்கள். அது வெளியே வரும்வரை துடைப்பத்தோடு நின்றால் 'வாட்ச்' செய்கிறீர்கள். மூன்றிலும் எலி ஒன்றுதான்.

உறையை ஒட்டுமுன் கடிதம் முழுவதையும் அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். அதில் இன்று ஒரு திருத்தம் வந்திருக்கிறது. "ஸீயும் லுக்கும் எனக்கெதுக்கு? மேலயும் கீழயும் இருக்கறத மட்டும் வாசி" என்றார்கள். அதனால் நடுப்பகுதியில் எலி ஓடுவது அவர்களுக்குத் தெரியாது. வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். "நான் நல்லா இருக்கேன்னு எழுது. பெருசா எழுது."

அத்தை நலம்.

அன்புள்ள மருமகள்

•

மார்ச் 8

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது என்று அத்தையிடம் சொல். நிற்கவில்லை என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆனால் கடிதத்தை நீ வாசித்துக் காட்டுவாய் என்பது இதை எழுதிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அடித்தால் அசிங்கமாக இருக்கும். கொஞ்சம் இருமல் இருக்கிறது.

எலி அருமை. வானொலிக்கு விளக்கினேன். அவரும் புரிந்துகொண்டார், ஆனால் பதிலுக்கு எலிகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். இனி எல்லா உதாரணமும் இப்படியே இருக்கட்டும்.

அடுத்து ஹியர், லிஸன். அதோடு ஸே, டெல். போன வருஷம் இவற்றில்தான் கவிழ்ந்தேன். "சொல்வதற்கு இரண்டு சொல் எதற்கு?" என்று விடைத்தாளிலேயே கேட்டு வைத்தேன். அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை.

உன் அத்தை போன கடிதத்தில் எனக்கென்று ஒரு திட்டுகூடச் சொல்லியனுப்பவில்லை. கோபமா?

மாமா

•

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் சுகமா? இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டாமல் நிலையத்திலிருந்து எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு வயிற்றில் கட்டி. இரண்டு மாதமாக வலியை மறைத்து வைத்திருந்தார்கள். அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதலில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், பிறகு முறை வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகுமாம். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்பது எடுத்த பிறகுதான் தெரியும்.

மாமாவுக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அவர் காதுக்குப் போச்சுன்னா பரீட்சையப் போட்டுட்டு அடுத்த வண்டியில வந்து நிப்பார். வந்து என்ன பண்ணப் போறார்? கத்தியப் பிடிக்கப் போறாரா? ஒரு வாரம் என் மூஞ்சியப் பாத்துட்டு, திரும்பிப் போய் ஆறு வருஷம் அங்கயே கிடப்பார். செய்தின்னு ஒரு வரி நீ எழுதக் கூடாது." என்னிடமும் இவரிடமும் வாக்கு வாங்கிவிட்டார்கள். இவர் அம்மாவின் பேச்சைத் தாண்டிச் சாலையைக்கூடத் தாண்ட மாட்டார்.

அக்கா, எனக்கு மனசு ஒப்பவில்லை. அறுவை மேசைமேல் ஏதாவது நடந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு நான் எந்தக் கடிதம் எழுதுவது?

ஆனால் செய்தி எழுத மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். உதாரணம் எழுத மாட்டேன் என்று கொடுக்கவில்லை. வக்கீல்களின் பத்திரங்களைத் தட்டித் தட்டி எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலும்.

உன் தங்கை

•

மார்ச் 30

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். இருமலுக்கு வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல்கிறார்கள் அத்தை. "கோபமெல்லாம் இல்ல, திட்ட நேரமில்லன்னு எழுது" என்றார்கள்.

ஹியர் என்பது சத்தம் தானாகக் காதில் விழுவது. உதாரணம்: பக்கத்து அறையில் ஒரு பெண்மணி முனகுவதை நான் 'ஹியர்' செய்கிறேன்.

லிஸன் என்பது வேண்டுமென்று காது கொடுப்பது. உதாரணம்: மருத்துவர் சொல்வதை அந்தப் பெண்மணி 'லிஸன்' செய்வதில்லை.

ஸே என்றால் என்ன சொன்னார்கள் என்பது முக்கியம். உதாரணம்: "எனக்கு ஒன்றுமில்லை" என்று அந்தப் பெண்மணி 'ஸே' செய்கிறாள். டெல் என்றால் யாரிடம் என்பது முக்கியம். கேட்கிற ஆள் இல்லாமல் அந்தச் சொல் நிற்காது. உதாரணம்: அவள் தன் கணவரிடம் 'டெல்' செய்யவில்லை.

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு மூன்று முறை நிதானமாக வாசியுங்கள், மாமா. பரீட்சைக்கு முக்கியம்.

அத்தை நலம் என்று எழுதச் சொன்னார்கள்.

மருமகள்

•

ஏப்ரல் 22

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். ஆவி பிடித்தேன். வானொலியும் கூடவே பிடித்தார். போர்வைக்குள்ளும் பேச்சு.

நீ சொன்னபடி மூன்று முறை வாசித்தேன். ஸேயும் டெல்லும் இப்போது தனித்தனி அலமாரிக்குப் போய்விட்டன. ஒரே ஒரு குறை; தப்பாக நினைக்காதே. எலி இருந்தபோது படிக்க உற்சாகமாக இருந்தது. இந்த முறை யாரோ ஒரு சீக்காளிப் பெண்மணியைக் கொண்டுவந்திருக்கிறாய். பெயர்த்து எழுதும்போதே மனசு கனக்கிறது. அதிலும் அவள் கணவன் சரியான மடையன். பெண்டாட்டி முனகுவதுகூடத் தெரியாமல் ஒரு மனிதன் இருப்பானா? வானொலியிடம் கேட்டேன். "இருக்கானுங்கய்யா, அப்படியும் இருக்கானுங்க" என்றார். தேர்வாளர் இதையெல்லாம் படித்தால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? கொஞ்சம் கலகலப்பாக எழுதம்மா. அவளைக் குணப்படுத்திவிடு, அல்லது எலியைக் கூப்பிடு.

அடுத்து ஃபார், ஸின்ஸ். பிறகு வெயிட், எக்ஸ்பெக்ட், ஹோப். இந்த மூன்றும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன.

அத்தை திட்டாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி திட்டச் சொல்.

மாமா

•

மே 29

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நிலையத்தில் வேலை அதிகம். இங்கு அனைவரும் நலம். அத்தையின் திட்டு பின்வருமாறு: "கண்ணக் கெடுத்துக்கிட்டுப் படிக்க வேணாம். ஆனா படிக்கணும்." சொல்லி முடித்துக் கொஞ்சம் படுத்துக்கொண்டார்கள்.

ஃபார் என்பது காலத்தின் நீளம். ஸின்ஸ் என்பது அது தொடங்கிய இடம். உதாரணம்: அந்தப் பெண்மணிக்கு நான்கு மாதம் 'ஃபார்' வயிற்றில் வலி. மார்ச் 'ஸின்ஸ்' அவள் வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை போய்வருகிறது.

வெயிட் என்பது நேரத்தைக் கடத்துவது; மனசு என்ன நினைக்கிறது என்பது அதில் வராது. உதாரணம்: பெரிய ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் நாங்கள் நான்கு மணி நேரம் 'வெயிட்' செய்தோம். எக்ஸ்பெக்ட் என்றால் நடக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. உதாரணம்: ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அறுவை சிகிச்சை நடக்கும் என்று மருத்துவர் 'எக்ஸ்பெக்ட்' செய்கிறார். ஹோப் என்றால் காரணம் இருக்க வேண்டியதில்லை, வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். உதாரணம்: அவள் கணவர் கெட்டிக்காரர் என்று அவள் மருமகள் 'ஹோப்' செய்கிறாள்.

எலியைக் கூப்பிட்டுப் பார்த்தேன், மாமா. வரவில்லை.

மருமகள்

•

ஜூலை 4

அன்புள்ள மருமகளுக்கு,

நான் மிக மிக நலம். இருமல் அறவே இல்லை. ஒரு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம், பண்டகசாலையில் வருஷாந்திர இருப்புக் கணக்கெடுப்பு. எட்டாயிரம் உருப்படி. திருகாணி மட்டும் ஒரு வாரம் எண்ணினோம். திட்டுக்கு நன்றி என்று அத்தையிடம் சொல். படித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

பயிற்சி. சொந்தமாக எழுதியது. பிழை இருந்தால் திருத்தவும்.

ஒரு பண்டகசாலை உதவியாளன் இருந்தான். எதையும் வகை பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினால்தான் அவனுக்குப் புரியும். இருப்புக் கணக்கெடுப்பு முடிந்த கையோடு தன் நோட்டிலிருந்த வாக்கியங்களையும் அப்படியே பிரித்தான். எலிக்கு ஓர் அட்டை. பெண்மணிக்கு ஓர் அட்டை. பெண்மணி அட்டையில் முனகலிலிருந்து ஆஸ்பத்திரிவரை வரிசையாக எழுதி, மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது அவன் அறைக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதை அவன் அன்றுதான் முதல்முறை 'ஸீ' செய்தான். "யோவ், இது பாடம் இல்லய்யா. ஆஸ்பத்திரிச் சீட்டு. இது உம்ம வீட்டு அட்டைய்யா" என்று அவர் 'ஸே' செய்தார். இல்லை, அவனிடம் சொன்னதால் 'டெல்'.

அந்த மடையன் பத்து நாள் 'ஃபார்' எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மாதம் கண்ணெதிரே இருந்ததை அவன் 'லுக்' செய்யவில்லை.

உதாரணத்தில் சொன்னதற்கு உதாரணத்திலேயே பதில் சொல்லலாம், அதனால் யாருடைய வாக்கும் கெடாது என்று அவன் நினைக்கிறான். ஆகவே ஒரு கேள்வி. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் எந்தத் தேதி? எண்ணால் விடை தருக.

அத்தையிடம் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்.

மாமா

•

ஜூலை 13

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். நீங்கள் சந்தோஷமாக இருப்பதை அத்தையிடம் சொன்னேன். "தனியா இருந்தா சந்தோஷமாத்தான் இருக்கும்" என்றார்கள். பழைய திட்டு திரும்பிவிட்டது, பார்த்தீர்களா?

பயிற்சியில் பிழை எதுவும் இல்லை.

விடை: 14.

கையோடு இன்னும் இரண்டு சொற்கள். மஸ்ட் என்றால் கட்டாயம். மே என்றால் செய்யலாம் என்ற அனுமதி. அந்தக் கணவர் வர 'மஸ்ட்' என்று அவள் மருமகள் எழுத மாட்டாள். பரீட்சைக்குப் போக 'மஸ்ட்' என்றும் எழுத மாட்டாள். 'மே' என்று எழுதி அனுமதி கொடுக்கவும் அவளுக்கு வயசு போதாது. பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் சொல்வதை மட்டும் எழுதுவாள். பயம் இருக்கிறது என்பதையும் எழுதுவாள். யாருக்கு என்று எழுத மாட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

•

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே நலம்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அத்தையும் நானும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். வாசலில் மாமா, தோளில் பையோடு நின்றார். அத்தை தட்டைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு மறுநாள் பரீட்ச இல்ல?"

"ஆமா."

"மண்டபம் அந்த ஊர்ல இருக்கு. இங்க வந்து நிக்கிறீங்க?"

"வழி தெரியும், வந்துட்டேன்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாடத்துல வந்துச்சு."

அத்தை என் பக்கம் திரும்பினார்கள். நான் கவனமாகக் கல் பொறுக்கினேன். அன்று என் தட்டில் கல்லே இல்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் முழுவதும் அத்தை அவரோடு பேசவில்லை. சாயங்காலம் சுவரைப் பார்த்து, "இப்பக் கிளம்பினாகூட காலையில பத்து மணிக்குப் போய்ச் சேந்துடலாம். வண்டி இருக்கு" என்றார்கள். மாமா அதே சுவரிடம், "வண்டிக்கென்ன, தினமும்தான் இருக்கு" என்றார்.

பதினான்காம் தேதி தள்ளுவண்டியில் படுக்கவைத்து அழைத்துப் போனபோதுதான் மறுபடி நேருக்கு நேர் பேச்சு. "வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கிழிஞ்ச சட்டையையாவது மாத்திட்டு வரக் கூடாதா? டாக்டருங்க என்ன நினைப்பாங்க?" மாமா சட்டையைப் பார்த்தார். பிறகு கதவு மூடியது. நான்கு மணி நேரம். இவர் ஆஸ்பத்திரியின் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்; எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. மாமா நாற்காலியை விட்டு அசையவில்லை. பத்து மணி அடித்தபோது மட்டும் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். நேற்று சோதனை முடிவு வந்தது. நல்ல கட்டிதான்.

இன்று காலை தலைவாரிவிடும்போது அத்தை கேட்டார்கள்: "இங்கிலீஷ் பகுதிய வாசிக்க வேணாம்னு ஏன் சொன்னேன்னு நீ கேக்கவே இல்லையே?"

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன் அத்தை."

"மொத தடவ அப்படித்தான். நீ எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்த வாரத்துல எழுதினியே, அதுல அந்தப் பக்கம் ரெண்டு மடங்கு நீளமாயிருந்துச்சு. ஒரு பாடத்துக்கு யாராவது அழுதுகிட்டே எழுதுவாங்களா? வாசிக்கச் சொன்னா நான் கேட்டதா ஆயிடும். கேட்டா, எழுதாதன்னு சொல்லணும். சொல்லிட்டா நீ எழுத மாட்ட."

சீப்பு நின்றுவிட்டது. "வாருமா, சிக்கு அப்படியே இருக்கு" என்றார்கள். கொஞ்சம் கழித்து, "எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார்கள்.

உன் தங்கை

•

ஆகஸ்ட் 22

பணியாளர் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

இங்கிலீஷில் எழுதி அனுப்பியதன் தமிழ்ப் பிரதி.

ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இம்மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு நான் பரீட்சை மண்டபத்தில் இருந்திருக்க வேண்டும். அதே நேரத்தில் என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நான் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் இருந்தேன்.

வெயிட், எக்ஸ்பெக்ட், ஹோப் ஆகிய மூன்றின் வேறுபாடு வினாத்தாளில் கேட்கப்பட்டிருந்ததாக என் அறைக்காரர் எழுதியிருக்கிறார். கேள்வி கேட்கப்பட்ட நேரத்தில் நான் அந்த மூன்றையும் செய்துகொண்டிருந்தேன். இதற்கு மதிப்பெண் கோரவில்லை. தகவலுக்காக மட்டும் தெரிவிக்கிறேன்.

மறுதேர்வுக்கு விதியில் இடமில்லை என்பதை அறிவேன். விடுப்பை மட்டும் மாத இறுதிவரை நீட்டித்துத் தர வேண்டுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பண்டகசாலை உதவியாளன்

•

ஆகஸ்ட் 29

பண்டகசாலை உதவியாளருக்கு,

விடுப்பு நீட்டிக்கப்படுகிறது. தேர்வுக்கு வராமை தேறாமையாகவே கருதப்படும். தங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் இரண்டு பிழைகள் உள்ளன. அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பத்தியை அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம்.

தங்கள் மனைவியார் விரைவில் எழுந்து நடமாட வேண்டுகிறேன்.

அலுவலர்

•

நவம்பர் 24

என் மருமகளுக்கு,

அத்தை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வண்டியில் இடுப்பு பிடித்ததால் என்று வைத்துக்கொள். நான் நலம். நீயும் என் பிள்ளையும் நலமா? வழக்கமாக எழுதுகிற நலம் வேண்டாம். சரியாக எழுது.

நான் இங்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்று மாதம் கழித்து வண்டி ஏறலாம் என்று டாக்டர் சொன்ன தேதிக்கு ஒருநாள்கூடக் கூட்டவில்லை என்று உனக்குத் தெரியும். கனம் தூக்கக் கூடாது என்றாரே, அதற்கென்று இங்கே ஒரு ஆள் இருக்கிறார். உன் மாமா பரீட்சையில் தேறினால்தான் இருவரும் ஓரிடத்தில் இருக்க முடியும் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வண்டி ஏற எந்தப் பரீட்சையும் கிடையாது என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் ஒவ்வொரு முறையும் பேச்சு முடிந்தது. நீ பார்த்துக்கொள்கிறாய். என் அறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதில்தான் காற்று வரும்.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைச் சுவர். உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும்கூட எண் போட்டு அட்டை கட்டி வைத்திருக்கிறார். நான் இடம் மாற்றி வைத்தால், ஒன்றும் சொல்லாமல் அட்டையைத் திருத்திக்கொள்கிறார். வானொலி பக்கத்து அறைக்குப் போய்விட்டார். போன அன்றே சுவரைத் தட்டி, "தங்கச்சி, கேக்குதா?" என்றார். கேட்கிறது. எல்லாம் கேட்கிறது.

கடைத்தெருவுக்குப் போனால் உன் மாமா ஒவ்வொரு பலகையாக நின்று இங்கிலீஷில் வாசிக்கிறார். நான் மெதுவாக நடப்பதை யாரும் கவனிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார் என்று இரண்டாம் நாள்தான் புரிந்தது. நானும் நின்று, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதையும் எட்டிப் பார்த்தார். "இது உங்களுக்கில்ல" என்று மறைத்துக்கொண்டேன். காலையில் கதவருகே நின்று "போயிட்டு வரேன்" என்கிறார். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வந்துவிடுகிறார்.

அத்தை